11 கேவி பின் இன்சுலேட்டருக்கு இம்பல்ஸ் டெஸ்ட்: முதலில் அலை, அப்புறம்தான் அடி

மின்னல் கம்பியில் இறங்கும்போது இன்சுலேட்டர் (கம்பியைக் கம்பத்தில் தாங்கும் பீங்கான்) தாங்குமா என்று பார்ப்பதுதான் இந்தச் சோதனை. 11 கேவி லைனுக்கான பின் இன்சுலேட்டர் வழக்கமாக 75 கேவி (கிலோவோல்ட்) உச்சத்தைத் தாங்க வேண்டும். மார்க்ஸ் ஜெனரேட்டரும் (கெப்பாசிட்டர்களை ஸ்டேஜ் ஸ்டேஜாக அடுக்கி மின்னல் போன்ற வோல்டேஜ் அடி தரும் கருவி) டிவைடரும் (அந்த வோல்டேஜை அளக்கும் அளவுக்குக் குறைப்பது) ஸ்கோப்பும் (அலையைத் திரையில் காட்டுவது) லேபில் தயாராக இருப்பதாக வைத்துக்கொள்கிறேன்.

1. இன்சுலேட்டரை ஈரமில்லாத துணியால் துடைத்து, உண்மையான கிராஸ் ஆர்மில் (கம்பத்தின் குறுக்குச் சட்டத்தில்) மாட்டுங்கள். மேலே ஒரு துண்டுக் கம்பியைக் கட்டுங்கள். கிராஸ் ஆர்மை எர்த் செய்யுங்கள். எர்த்துக்கு அகலமான செம்புப் பட்டைதான் என் விருப்பம். நீளமான ஒல்லி வயர் அலையில் நடுக்கத்தைக் கொண்டுவரும்.

2. சார்ஜ் அளவைக் கணக்கிடுங்கள். 4 ஸ்டேஜ், ஒவ்வொன்றிலும் 22 கேவி என்றால் 88. ஜெனரேட்டரின் எஃபிஷியன்சி 85 சதவீதம் என்றால் கிடைப்பது சுமார் 75.

3. நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்ட இடம் இது. இன்சுலேட்டரை இணைத்தபடியே பாதி வோல்டேஜில் ஒரு அடி கொடுத்து அலையைப் பாருங்கள். வேண்டியது 1.2/50 மைக்ரோசெகண்ட்: ஏற்றத்துக்கு 1.2, வால் பாதியாக இறங்க 50. அலை தொடங்கிய இடத்திலிருந்து உச்சி வரை அளந்தேன், 2 வந்தது. ஏற்றம் மெதுவாக இருக்கிறது என்று நினைத்து ஏற்றத்தைத் தீர்மானிக்கும் ஃபிரண்ட் ரெசிஸ்டரைக் குறைத்துக்கொண்டே போனேன். கடைசியில் உச்சியில் கொம்பு போல ஓவர்ஷூட் முளைத்தது. நல்ல இன்சுலேட்டர்களும் ஃபிளாஷ்ஓவர் ஆயின (அவற்றைச் சுற்றிய காற்றில் தீப்பொறி பாய்ந்தது).

சரியான 1.2/50 அலைகூட உச்சியைத் தொட ஏறத்தாழ 2 மைக்ரோசெகண்ட் எடுக்கும். அளக்க வேண்டியது உச்சத்தின் 30 சதவீதத்திலிருந்து 90 சதவீதம் வரை, அதை 1.67 ஆல் பெருக்க வேண்டும். ஸ்கோப்பில் 30 சதவீதம் 0.28 இலும் 90 சதவீதம் 0.98 இலும் வந்தால், இடைவெளி 0.70, பெருக்கினால் 1.17. அருமையான அலை! 0.84 முதல் 1.56 வரை சரிதான். வால் பாதியாக இறங்கும் நேரம் 40 முதல் 60க்குள் இருக்க வேண்டும். அதைத் திருத்த டெயில் ரெசிஸ்டரைத் தொடுங்கள், ஃபிரண்டைத் தொடாதீர்கள்.

4. அறையின் வெப்பம், காற்றழுத்தம், ஈரப்பதம் மூன்றையும் குறித்து, 75ஐத் திருத்திக்கொள்ளுங்கள். ஸ்டாண்டர்டின் அடிப்படை 20 டிகிரி, 101.3 கிலோபாஸ்கல், கன மீட்டருக்கு 11 கிராம் ஈரம். 33 டிகிரியில் காற்றின் அடர்த்தி மட்டுமே 4 சதவீதம் குறைந்துவிடும்.

5. பாசிட்டிவ் 15, நெகட்டிவ் 15 அடி கொடுங்கள். ஒவ்வொரு பாலாரிட்டியிலும் இரண்டு ஃபிளாஷ்ஓவர் வரை அனுமதி உண்டு. பீங்கானில் துளை விழுந்தால் மட்டும் அத்தோடு ஃபெயில்.

6. கிட்டே போகும் முன் எர்த் ராடால் ஒவ்வொரு கெப்பாசிட்டரையும் தொட்டு, ராடை அங்கேயே தொங்கவிடுங்கள். ஒருமுறை தொட்டு எடுத்துவிட்டால் மிச்ச சார்ஜ் மறுபடி ஏறும்.

பிற்சேர்க்கை: சென்னை மாதிரி கடலோர ஊரில் ஈரம் அதிகமென்றால் இன்சுலேட்டர் சீக்கிரம் அடித்துவிடாதா என்று பலர் கேட்டார்கள். மேற்பரப்பு காய்ந்திருந்தால் நேர்மாறு: காற்றில் ஈரம் கூடினால் ஃபிளாஷ்ஓவர் வோல்டேஜும் கூடும். அதனால்தான் 4ஆம் படியில் ஈரப்பதத்தை விட்டுவிடக் கூடாது.