வரவேற்பறை ஹை-ஃபையில் இணையப் பாட்டு: தொலைக்காட்சியை இணைக்கும் முறை

டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் போன்ற பகுதிகளில் பெற்றோர் காலத்து ஹை-ஃபை இன்னும் கூடத்தை விட்டு நகராத வீடுகள் உண்டு. கேசட் டெக் ஓடாது, சிடி பிளேயரின் தட்டு வெளியே வராது. ஆனால் ஆம்ப்ளிஃபயரும் மரப்பெட்டி ஸ்பீக்கர்களும் நல்ல நிலையிலேயே இருக்கும். அதற்கு இரண்டடி தள்ளி ஸ்மார்ட் டிவி ஒன்று, விரலளவு தடிமனுள்ள சட்டகத்துக்குள் ஒளிந்திருக்கும் தன் சின்னஞ்சிறு ஸ்பீக்கர்களால், வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் நேரத்துப் பக்திப் பாடல்களை மெலிதாக ஒலித்துக்கொண்டிருக்கும். மிருதங்கத்தின் வலந்தலை கேட்கும், இடந்தலையின் கும்காரம் காணாமல் போயிருக்கும். இந்தக் குறையைத் தீர்க்கப் பலரும் சவுண்ட்பார் வாங்கக் கடைக்குப் போகிறார்கள். வீட்டில் ஓடுகிற ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்று இருந்தால் அந்தச் செலவு தேவையில்லை என்பதே என் கருத்து. பாட்டை இணையத்திலிருந்து கொண்டுவரும் வேலையைத் தொலைக்காட்சிக்கும், ஒலிக்கும் வேலையை ஹை-ஃபைக்கும் பிரித்துக் கொடுத்தால் போதும்.

முதலில் தொலைக்காட்சியின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். ஒலியை வெளியே அனுப்ப அதில் பொதுவாக மூன்று வழிகள் இருக்கும்: ஆப்டிக்கல் எனப்படும் ஒளியிழைத் துளை, ஏஆர்சி அல்லது இ-ஏஆர்சி என்று குறிக்கப்பட்ட ஹெச்டிஎம்ஐ துளை, ஹெட்ஃபோன் துளை. மூன்றும் எல்லாத் தொலைக்காட்சியிலும் இருக்கும் என்று சொல்ல முடியாது. புதிய மாதிரிகள் பலவற்றில் ஹெட்ஃபோன் துளையை எடுத்துவிட்டார்கள். பின்னர் ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். அண்மைக் காலத்து ஆம்ப்ளிஃபயரானால் ஆப்டிக்கல் துளையோ ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி துளையோ இருக்கலாம். எண்பதுகளிலோ தொண்ணூறுகளிலோ வாங்கியதானால், சிவப்பும் வெள்ளையுமான வட்டத் துளைகள் இணை இணையாக வரிசையில் நிற்கும். அவற்றின் மேல் ஃபோனோ, டியூனர், சிடி, ஆக்ஸ், டேப் என்று எழுதியிருக்கும்.

அந்த வரிசையில் ஃபோனோ என்று எழுதிய இணையை மட்டும் தொடவே கூடாது. அது இசைத்தட்டின் ஊசியிலிருந்து வரும் மிக நுண்ணிய மின்னலையைப் பல மடங்கு பெருக்குவதற்கும், தாழ்ந்த சுருதிகளை உயர்த்தி மேல் சுருதிகளைக் குறைப்பதற்கும் என்றே அமைந்தது. தொலைக்காட்சியின் ஒலியை அதில் செருகினால் பாட்டு உடைந்து உறுமும். ஒலியளவைக் கூட்டினால் ஸ்பீக்கரே கெடலாம். ஆக்ஸ், சிடி, டியூனர் ஆகிய மூன்றில் எது காலியாக இருக்கிறதோ அதைப் பயன்படுத்தலாம். பெயர் வேறானாலும் மூன்றும் ஏறத்தாழ ஒரே தன்மையுடையவை. டேப் இணையைப் பயன்படுத்துவதானால் பிளே அல்லது இன் என்று குறித்த பக்கமே சரி, ரெக் அல்லது அவுட் என்று குறித்தது அன்று.

பழைய ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்போருக்கு நான் பரிந்துரைப்பது ஆப்டிக்கல் வழியைத்தான். தொலைக்காட்சிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் டிஜிட்டல் ஒலியைப் பழைய ஆம்ப்ளிஃபயர் ஏற்கும் மின்னலையாக மாற்றும், டேக் (DAC) எனப்படும் சிறு மாற்றுப்பெட்டி ஒன்று வேண்டும். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதான மலிவான பெட்டியே வீட்டுக்குப் போதுமானது. ஒரு முனையில் ஒளியிழைக் கம்பியை வாங்கி, மறு முனையில் சிவப்பு வெள்ளை ஆர்சிஏ கம்பியாகக் கொடுக்கும். இதற்கான 5 வோல்ட் மின்சாரத்தைத் தொலைக்காட்சியின் யுஎஸ்பி துளையிலிருந்தே எடுக்கலாம். தொலைக்காட்சியை அணைக்கும்போது பல வீடுகளில் பெட்டியும் தானே அணைந்துவிடும் என்பது கூடுதல் வசதி.

ஒளியிழைக் கம்பியைச் செருகுவதில் சிறிது கவனம் வேண்டும். புதுக் கம்பியின் இரு முனைகளிலும் கண்ணாடி போன்ற நிறமற்ற பிளாஸ்டிக் மூடிகள் இருக்கும். கண்ணுக்கு எளிதில் தெரியாத அவற்றைக் கழற்றாமலே அழுத்திச் செருகி, வேலை செய்யவில்லை என்று கம்பியைத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. முனை சதுரம் போலத் தெரிந்தாலும் இரண்டு மூலைகள் சீவப்பட்டிருக்கும்; துளையின் வடிவத்தோடு பொருத்தி மெல்ல அழுத்தினால் ‘டக்’ என்று அமரும். தொலைக்காட்சிப் பக்கத்தை மட்டும் செருகிவிட்டு மறுமுனையைப் பார்த்தால், தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது சிவப்பு ஒளிப் புள்ளி தெரிய வேண்டும். அது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கம்பியைக் கூர்மையாக மடக்கக் கூடாது. உள்ளே இருக்கும் இழை முறிந்தால் ஒட்ட வழியில்லை. மற்றபடி தங்க முலாம் பூசிய விலையுயர்ந்த ஒளியிழைக் கம்பி என்று எவராவது விற்க வந்தால், ஒளி செல்லும் பாதையில் தங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்டுப் பாருங்கள்.

கம்பிகளைச் செருகிய பின் பாட்டு வரவில்லை என்றால், பெரும்பாலும் காரணம் தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் இருக்கும் ஒரே ஒரு வரிதான். செட்டிங்ஸில் சவுண்ட் பகுதிக்குள் சென்று, ஒலி வெளியீட்டை ஆப்டிக்கல் என்று மாற்ற வேண்டும். அதன் பிறகு டிஜிட்டல் அவுட்புட் வடிவம் என்ற இடத்தில் ஆட்டோ, பிட்ஸ்ட்ரீம், டால்பி என்று எது இருந்தாலும் அதை நீக்கி, சுருக்காத ஒலியைக் குறிக்கும் பிசிஎம் (PCM) என்று வைக்க வேண்டும். மலிவான மாற்றுப்பெட்டிகள் டால்பி முறையில் சுருக்கிய ஒலியை விரிக்கத் தெரியாதவை. அது வந்தால் மௌனமாக இருந்துவிடும், அல்லது ‘கர்ர்’ என்று இரையும். யூடியூபில் பாட்டு நன்றாக வந்து, திரைப்படச் செயலியைத் திறந்தவுடன் ஒலி நின்றுபோகிறது என்ற முறையீட்டுக்கும் இதுவே விடை.

அதே பக்கத்தில் சரவுண்ட், தெளிவான குரல், தானியங்கி ஒலியளவு என்ற பெயர்களில் இருக்கும் எல்லாவற்றையும் அணைத்துவிடலாம். அவை தொலைக்காட்சியின் சொந்த ஸ்பீக்கருக்காகச் செய்யப்பட்ட ஒப்பனைகள். நல்ல ஸ்பீக்கரில் அவை பாட்டைக் கெடுக்கின்றன. ஆப்டிக்கல் வழியில் ஒலியளவு பெரும்பாலும் மாறாது வரும் என்பதால், இனிக் கூட்டுவதும் குறைப்பதும் ஆம்ப்ளிஃபயரின் குமிழில்தான்.

சோபாவிலிருந்து எழுந்து போய்க் குமிழைத் திருகுவது பிடிக்காதவர்கள், ஆம்ப்ளிஃபயரில் ஏஆர்சி இருந்தால் அந்த வழியை எடுக்கலாம். தொலைக்காட்சியில் ஏஆர்சி என்று எழுதிய அதே ஹெச்டிஎம்ஐ துளையில் செருகி, சிஇசி என்ற கட்டுப்பாட்டு வசதியை இயக்க வேண்டும். சாம்சங் அதை எனிநெட் பிளஸ் என்றும், எல்ஜி சிம்ப்ளிங்க் என்றும், சோனி பிராவியா சிங்க் என்றும் அழைக்கின்றன. அதன் பின் தொலைக்காட்சி ரிமோட்டே ஆம்ப்ளிஃபயரின் ஒலியளவை மாற்றும். ஹெட்ஃபோன் துளை மட்டுமே உள்ள இடத்தில் 3.5 மில்லிமீட்டர் முனையிலிருந்து இரண்டு ஆர்சிஏ முனைகளாகப் பிரியும் கம்பி போதும். தொலைக்காட்சியின் ஒலியளவை முக்கால் பங்குக்கு மேல் வைத்துவிட்டு, மீதியை ஆம்ப்ளிஃபயரில் சரிசெய்ய வேண்டும்.

பாட்டை எங்கிருந்து எடுப்பது என்பதில் அவரவர் விருப்பம் உண்டு. தென்னாப்பிரிக்காவில் 2018இலிருந்து கிடைக்கும் ஸ்பாட்டிஃபையைத் தொலைக்காட்சியிலேயே நிறுவிக்கொண்டு, கைப்பேசியில் உள்ள அதே செயலியில் சாதனங்கள் என்ற குறியைத் தொட்டுத் தொலைக்காட்சியைத் தேர்ந்தால், பாட்டைத் தொலைக்காட்சி தானே இணையத்திலிருந்து நேரடியாக இறக்கிக்கொள்ளும். கைப்பேசி வெறும் ரிமோட்டாக மட்டும் இருக்கும். நடுவில் அண்ணி அழைத்தாலும் பாட்டு நிற்காது. புளூடூத்தில் அனுப்புவதற்கும் இதற்கும் இதுவே பெரிய வேறுபாடு. லோட்டஸ் எஃப்எம் கேட்பவர்கள் அதன் இணைய ஒலிபரப்பையும் இவ்வழியே கேட்கலாம்; ரேடியோ லோட்டஸ் என்ற பெயரில் 1983இல் தொடங்கிய நிலையத்தை அந்தக் காலத்து ஸ்பீக்கர்களிலேயே கேட்பது தனிச் சுகம்.

இணைய அளவைப் பற்றிக் கவலைப்படுவோர் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளலாம். நொடிக்கு 320 கிலோபிட் என்ற தரத்தில் ஒரு மணி நேரப் பாட்டுக்கு ஏறத்தாழ 144 எம்பி செலவாகும். அதே பாட்டை அசையும் காட்சியோடு 1080 தரத்தில் யூடியூபில் ஓடவிட்டால் ஒரு ஜிபியைத் தாண்டிவிடும். பாட்டு மட்டும் போதும் என்றால் காட்சியின் தரத்தை 480க்கு இறக்கலாம். காதுக்கு வேறுபாடு தெரியாது. பல தொலைக்காட்சிகளில் திரையை மட்டும் அணைக்கும் வசதியும் உண்டு. ஓஎல்இடி திரை வைத்திருப்பவர்கள் அதைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். அசையாத அட்டைப்படம் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் திரையில் அதன் தடம் பதியக்கூடும்.

ஒரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும். சிடியின் ஒலி நொடிக்கு 44,100 மாதிரிகளால் ஆனது; பெரும்பாலான தொலைக்காட்சிகளோ எதைக் கொடுத்தாலும் 48,000ஆக மாற்றியே ஆப்டிக்கலில் அனுப்புகின்றன. ஐம்பது, அறுபதுகளின் திரைப்பாடல்களைக் கேட்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. உயர்தர ஒலிக்கென்று தனிச் சந்தா கட்டுபவர், தொலைக்காட்சியை விட்டுவிட்டுத் இணையப் பாட்டை நேரே இறக்கித் தரும் ஸ்ட்ரீமர் என்ற தனிப் பெட்டி ஒன்றை ஆம்ப்ளிஃபயரில் இணைப்பதே முறை. அந்தப் பழைய பாடல்களைப் பற்றி இன்னொன்று: அவை பெரும்பாலும் இரு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும் மோனோ முறையில் பதிவானவை, ஆனால் இணையத்தில் ஏற்றியவர்கள் சிலர் செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கியிருப்பார்கள். பாடகர் ஒரு ஸ்பீக்கரிலிருந்து மற்றதற்கு அலைவது போலத் தோன்றினால், ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தானை அழுத்துங்கள்.

பாட்டின் அடியில் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் விடாமல் கேட்டால், அது பெரும்பாலும் தரையிணைப்புச் சுற்றின் கோளாறு. கூரையிலுள்ள டிஷ்ஷின் கேபிள் ஒரு வழியாகவும், ஆம்ப்ளிஃபயரின் மூன்று உருண்டைக் கால் பிளக் இன்னொரு வழியாகவும் தரையைத் தொடுவதால், இரண்டையும் ஹெட்ஃபோன் கம்பி இணைக்கும்போது 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் அந்தச் சுற்றில் ஓடுகிறது. டிஷ் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் காரணம் உறுதி. ஒளியிழையில் மின்சாரம் ஓடாது என்பதால் ஆப்டிக்கலுக்கு மாறினால் சுற்று அறுந்துவிடும். அப்படியும் நீடித்தால், மாற்றுப்பெட்டியின் மின்சாரத்தைத் தொலைக்காட்சியிலிருந்து எடுக்காமல் தனி சார்ஜரிலிருந்து எடுக்க வேண்டும். பிளக்கின் தரைக்காலை வெட்டுவது ஒருபோதும் தீர்வன்று. அது உயிருக்கு ஆபத்து.

லோட் ஷெட்டிங் காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டரில் ஆம்ப்ளிஃபயரை ஓட்டுவோர், அது தூய சைன் அலை தருவதா என்று பார்க்க வேண்டும். மலிவான வகையின் வெட்டுப்பட்ட அலையில் பழைய ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மர் ரீங்கரித்துச் சூடேறும். மின்சாரம் திரும்பும் கணத்தில் ஏறும் அழுத்தத்துக்காகத் தொலைக்காட்சி, மாற்றுப்பெட்டி, ஆம்ப்ளிஃபயர் மூன்றையும் சர்ஜ் பாதுகாப்புள்ள ஒரே மல்ட்டிபிளக்கில் செருகுங்கள். மின்சாரம் போனவுடன் ஆம்ப்ளிஃபயரின் சுவிட்சை அணைத்துக் குமிழையும் இறக்கி வைத்துவிட்டு, வந்த பின் தொலைக்காட்சியை முதலிலும் ஆம்ப்ளிஃபயரைக் கடைசியிலும் போட்டால், ஸ்பீக்கரில் ‘டொம்’ என்ற அதிர்ச்சி விழாது.