தூண்டில் ரீலில் டிராக்கை இறுக்கியும் லைன் ஓடியது: என் அனுபவம்

மூன்று நாள் அலைந்து ஒருவழியாகக் காரணத்தைக் கண்டுபிடித்தேன். பாம்பனில் கரையிலிருந்து பாறை மீனுக்கு ஜிக் (உலோகப் போலி இரை) வீசிக்கொண்டிருந்தேன். ஸ்பின்னிங் ரீல், புதிதாகச் சுற்றிய 20 பவுண்டு பிரெய்டு (பின்னல் லைன்). அரைக் கிலோ மீனுக்கு ஒன்றும் தெரியவில்லை. பெரியது மாட்டினால் டிராக்கை, அதாவது லைன் ஓடுவதைக் கட்டுப்படுத்தும் ரீலின் பிரேக்கை, முழுக்க இறுக்கினாலும் லைன் ஓடியது. கைப்பிடியைச் சுற்றினாலும் ஏறவில்லை.

டிராக்குக்குள் உரசிப் பிடிக்கும் வாஷர் தேய்ந்துவிட்டது என்று நினைத்தேன். கழற்றித் துடைத்து கிரீஸ் போட்டேன், பலனில்லை. புது கார்பன் வாஷர் வாங்கி மாட்டினேன், அதுவும் வீண்.

அப்புறம்தான் உறைத்தது: லைன் ஓடும்போது ‘கிர்ர்’ சத்தமே வரவில்லை. டிராக் வழுக்கினால் ஸ்பூல் (லைன் சுற்றியிருக்கும் உருளை) சுழலும், சத்தம் கேட்கும். சரி, ஸ்பூல் அசையவில்லை என்றால் வழுக்குவது எது? ஸ்பூல் விளிம்பிலிருந்து லைன் மேல்வரை மார்க்கரால் ஒரே கோடு போட்டு, டிராக்கை இறுக்கி, லைன் சுற்றைக் கட்டைவிரலால் அழுத்தித் திருகினேன். விளிம்புக் கோடு அங்கேயே நின்றது, லைன் மேல் இருந்த கோடு மட்டும் நகர்ந்தது. பிரெய்டு வழவழப்பானது. வெறும் உலோகத்தில் நேராகக் கட்டினால் மொத்தச் சுற்றும் வளையல் மாதிரி உருளும்.

முழுவதையும் உருவினேன். வழுக்காமல் பிடிக்க அடியில் 10 மீட்டர் தங்கூசியை (நைலான் லைன்) இறுக்கிச் சுற்றி, அதன் முனையில் பிரெய்டை இரட்டை யூனி முடிச்சால் இணைத்தேன். ஈரத்துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டே மீதியை ஏற்றினேன். லைன் முனையைத் தராசுக் கொக்கியில் மாட்டி இழுத்துப் பார்த்து, டிராக்கை 2.5 கிலோவுக்கு வைத்தேன். மறுநாள் காலை 3 கிலோ பாறை மீன் இழுத்தபோது ‘கிர்ர்’ என்று கேட்டது. பெரிய நிம்மதி.