பறவையை நோக்கி நடக்காதீர்கள்: வசந்தகாலக் கடற்கரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடற்கரைக்குப் பறவை பார்க்கப் போகிற பலர் முதல் ஐந்து நிமிடத்திலேயே அன்றைய நாளைக் கெடுத்துக்கொள்கிறார்கள். தூரத்தில் ஈர மணலில் உள்ளான் என்னும் சிறு கரைப்பறவைகளின் கூட்டம் மேய்ந்துகொண்டிருக்கும். கேமராவைத் தூக்கிக்கொண்டு நேராக அதை நோக்கி நடப்போம். ஒன்று தலையைத் தூக்கும், அப்புறம் இன்னொன்று. அடுத்த நொடி மொத்தக் கூட்டமும் வெள்ளை வயிறு மின்ன எழும்பி, கடல் மேல் ஒரு வட்டம் அடித்து, வெகுதூரம் தள்ளிப் போய் இறங்கிவிடும். நமக்கு மிஞ்சுவது வாலும் முதுகும்தான். நானும் இப்படிப் பல காலைகளை வீணாக்கியிருக்கிறேன்.

படம் போனால் போகட்டும், அந்தப் பறவைக்கு என்ன ஆகிறது என்று யோசித்துப் பாருங்கள். வசந்தத்தில் கரையில் நிற்பவற்றில் பல, பயணத்தின் நடுவில் இளைப்பாறுகிறவை. பட்டைவால் மூக்கன் என்னும் நீள அலகுக் கரைப்பறவை எவ்வளவு தூரம் பறக்கும் தெரியுமா? செயற்கைக்கோள் கருவி பொருத்திய ஒரு இளம் பறவை 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை சுமார் 13,560 கிலோமீட்டரை 11 நாளில், எங்கும் இறங்காமல் கடந்தது. இப்படிப் போகிறவை வசந்தத்தில் கூடு கட்ட வடக்கே திரும்புகின்றன. அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவில் மே மாதம் குதிரைலாட நண்டுகள் கரையேறி முட்டையிடும். ரெட் நாட் என்னும் உள்ளான் அந்த முட்டைகளைத் தின்று இரண்டே வாரத்தில் கிட்டத்தட்ட இருமடங்கு எடைக்கு வந்துவிடும். அந்தக் கொழுப்புதான் அடுத்த பயணத்துக்கு எரிபொருள். நாம் ஒவ்வொரு முறை கூட்டத்தைக் கிளப்பிவிடும்போதும் அதில் கொஞ்சம் கரைகிறது.

சரி, நடக்கக் கூடாது என்றால் எப்படி நெருங்குவது? பறவைகளை நெருங்க வைக்கும் வேலையைக் கடலிடமே விட்டுவிடலாம். கடல்நீரின் ஏற்றம், வற்றம் பார்க்காமல் கிளம்புவதுதான் இரண்டாவது பெரிய தவறு. வற்றத்தின்போது சேற்றுவெளி பரந்து கிடக்கும், பறவைகள் அதில் புள்ளி புள்ளியாகச் சிதறி இருக்கும். முழு ஏற்றத்துக்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பே போய், நீர் எட்டாத மேட்டில் உட்கார்ந்துவிடுங்கள். தண்ணீர் ஏற ஏற மேயும் இடம் சுருங்கும், பறவைகள் தாமாகவே உங்கள் பக்கம் ஒதுங்கி வரும். பெரும்பாலான கரைகளில் இரண்டு ஏற்றங்களுக்கு இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். ஆகவே நேற்று நன்றாக அமைந்த நேரம் இன்று ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போயிருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் மேலும் உயரும். அப்போது கண்ணுக்கு முன்னால் இருக்கிற அலையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், முதுகுக்குப் பின்னால் இருக்கிற ஓடைகள் முன்னதாகவே நிரம்பிவிடும். முழு ஏற்றத்தில் பறவைகள் மேட்டில் நெருக்கியடித்து, ஒற்றைக் காலில் நின்று தூங்கும். அந்த நேரத்தில் கிட்டே போகவே வேண்டாம்.

காற்றையும் கவனியுங்கள். பறவை காற்றுக்கு எதிர்முகமாகத்தான் இறங்கும், எழும்பும். காற்றும் வெயிலும் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் தெரிகிற படம் கிடைக்கும்.

இனிச் சொல்வதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியம். உப்புக்கொத்தி என்னும் சிறு கரைப்பறவையும் ஆலா என்னும் கடற்பறவையும் வெறும் மணலில் முட்டையிடுகின்றன. கூடு என்று சொல்ல ஒரு சின்னப் பள்ளம், சுற்றி நாலு கிளிஞ்சல் துண்டு, அவ்வளவுதான். முட்டையும் மணல் நிறம், அதன் மேல் கரும்புள்ளிகள். ஒரு அடி தூரத்தில் இருந்தாலும் கண்ணில் படாது. உலர்ந்த மேல்மணலில் நடக்கும்போது திடீரென்று ஒரு உப்புக்கொத்தி உங்கள் முன்னால் ஓடும். ஒரு பக்க இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு, வாலை விரித்து, ஒடிந்துபோன மாதிரி சாய்ந்து சாய்ந்து போகும். கொஞ்சம் நின்று நீங்கள் பின்னால் வருகிறீர்களா என்று பார்க்கும். அருமையான காட்சி என்று பலரும் முழங்காலிட்டுப் படம் எடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்குக் காயம் எதுவும் இல்லை, முட்டை இருக்கிற இடத்திலிருந்து உங்களை இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறது. நீங்கள் அங்கே இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை வெயிலில் காய்கிறது, கடற்காகம் மேலிருந்து நோட்டம் விடுகிறது. கெண்டிஷ் உப்புக்கொத்தி கடும் வெயிலில் தன் வயிற்று இறகை நீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர்விக்கும். அவ்வளவு பாடுபடுகிற பறவையை விரட்டி நிறுத்த நமக்கு மனம் வரலாமா? வந்த காலடித் தடத்திலேயே திரும்பி நடந்துவிடுங்கள். ஆலா தலைக்கு மேல் பாய்ந்து கத்தினாலும் இதையேதான் செய்ய வேண்டும். கூட்டின் இடத்தை இணையத்தில் போடாதீர்கள், பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள், ட்ரோன் பறக்கவிடாதீர்கள். கரையில் தனியாகக் கிடக்கும் சீல் குட்டியைக் கண்டால் கடலுக்குள் தள்ளவும் வேண்டாம், தாய் பெரும்பாலும் இரை தேடித்தான் போயிருக்கும்.

கேமரா விஷயத்துக்கு வருகிறேன். நின்றபடி கீழ்நோக்கி எடுப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. படுத்துக்கொள்ளுங்கள். பறவையின் கண் மட்டத்துக்கு லென்ஸ் இறங்கியதும் பின்னணி மங்கி ஒரே வண்ணமாகிவிடும். பறக்கும் ஆலாவுக்கு ஷட்டர் வேகம் 1/2000 நொடியாவது வேண்டும். வெளிறிய வானம் பின்னணியானால் பறவை கறுத்துவிடும், எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, கொஞ்சம் கூட்டுங்கள். இருண்ட கடலுக்கு முன்னால் வெள்ளைப் பறவை என்றால் குறையுங்கள், இல்லாவிட்டால் இறகின் கோடெல்லாம் அழிந்துபோகும். வெயில் ஏறியபின் படமெல்லாம் கலங்கலாக வந்தால் லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். மணலிலிருந்து எழும் கானல்தான் காரணம், எவ்வளவு விலையுள்ள லென்ஸும் அதற்கு மருந்தாகாது. அதிகாலையில் போவதுதான் வழி.

கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள். முன் கண்ணாடியில் உப்புத் துளி பட்டால் சட்டை நுனியால் துடைக்கவும் வேண்டாம், அதிலுள்ள மணல் கீறிவிடும். முதலில் ஊதி அகற்றி, பிறகு நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த மென்துணியால் ஒற்றி எடுங்கள். டிரைபாட் கால்களை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

ஒரு காலையில் இரண்டு மணி நேரம் அசையாமல் படுத்திருந்தேன். அலை பின்வாங்கும்போது அதன் பின்னால் ஓடி, திரும்பி வரும்போது முன்னால் ஓடி வருகிற சாண்டர்லிங் என்னும் சிறு உள்ளான் கூட்டம் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக என் பக்கம் நகர்ந்தது. ஒரு பறவை லென்ஸால் ஃபோகஸ் செய்ய முடியாத கிட்டத்துக்கு வந்துவிட்டது. கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு வெறுமனே பார்த்தேன். அலகை மணலில் தையல் ஊசி போலக் குத்திக்கொண்டே என் முழங்கையைக் கடந்து போனது. அது பதித்த தடத்தில் மூன்றே விரல். சாண்டர்லிங்குக்குப் பின்விரல் கிடையாது.