சிட்டிங் எம்.பி.யை எதிர்த்து முதல் தேர்தல்: 25 வயது சுயேச்சைக்கு வேட்புமனு முதல் பூத் வரை

2024 மக்களவைத் தேர்தலில் உத்தரப் பிரதேசத்தின் கௌசாம்பி தொகுதியில், இரண்டு முறை வென்றிருந்த வினோத் சோன்கரை 25 வயது புஷ்பேந்திர சரோஜ் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். பக்கத்திலேயே மச்லிஷஹரில், அதே வயது பிரியா சரோஜ் சிட்டிங் எம்.பி.யை 35,850 வாக்குகளில் வென்றார். இருவருக்கும் பின்னால் சமாஜ்வாதி கட்சி இருந்தது, அரசியல் குடும்பமும் இருந்தது. இரண்டும் இல்லாமல் தமிழ்நாட்டில் சுயேச்சையாக நிற்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். அப்படி வருகிற இளைஞர்களில் பலர் மக்களிடம் தோற்பதற்கு முன்பே காகிதத்தில் தோற்றுவிடுகிறார்கள். அதைத் தடுக்க முடியும்.

தேர்தலுக்கு ஆறு மாதம் முன்: படிவம் 20

தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில், போன தேர்தலின் படிவம் 20 இருக்கும். எந்த பூத்தில் யாருக்கு எத்தனை ஓட்டு என்ற கணக்கு அது. எக்செல்லில் ஏற்றி, எம்.பி.க்குப் பாதிக்கும் குறைவான ஓட்டு விழுந்த பூத்துகளைப் பிரித்தெடுங்கள். பூத் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். வாக்காளர் எண்ணிக்கை கூடும்போது பூத்தைப் பிரிப்பார்கள், எண்கள் நகர்ந்துவிடும். பள்ளியின் பெயர், தெருப் பெயர் இவற்றை வைத்துப் பொருத்துங்கள்.

தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்குள் 6 சட்டமன்றத் தொகுதிகள். 2024 கணக்கில் சராசரியாக 16 லட்சம் வாக்காளர்கள், 1,700-க்கு மேல் பூத்துகள். அத்தனையையும் சுற்ற முயன்றால் எங்கும் முகம் பதியாது. ஒரு சட்டமன்றத் தொகுதியை, ஏறக்குறைய 290 பூத்துகளை, முதலில் கையில் எடுங்கள்.

எம்.பி.யின் வருகை, கேட்ட கேள்விகள் எல்லாம் மக்களவை இணையதளத்தில் கிடைக்கும். ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி எதற்குப் போனது என்பதையும் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: உங்கள் எம்.பி. அமைச்சராக இருந்தால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட மாட்டார், கேள்வியும் கேட்க மாட்டார். "ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை" என்று நோட்டீஸ் அடித்தால், அடுத்த நாளே உங்கள் பேச்சுக்கு மதிப்புப் போய்விடும்.

தகுதி

மனுக்களைப் பரிசீலிக்கும் நாளன்று 25 வயது முடிந்திருக்க வேண்டும். மனு கொடுக்கும் நாளோ வாக்குப்பதிவு நாளோ கணக்கில்லை. இந்தியாவில் எந்தத் தொகுதியின் வாக்காளராகவும் இருக்கலாம். நிற்கும் தொகுதியில் ஓட்டு இல்லையென்றால், உங்கள் பெயருள்ள வாக்காளர் பட்டியல் பக்கத்தின் சான்றிட்ட நகல் வேண்டும். இதைக் கடைசி நாளில் தேடி ஓடாதீர்கள்.

பத்து முன்மொழிபவர்கள்

சுயேச்சை மனு படிவம் 2A-யின் இரண்டாம் பகுதி. இதில் அந்தத் தொகுதியின் வாக்காளர்கள் பத்துப் பேர் கையெழுத்திட வேண்டும். பல மனுக்கள் அடிபடுவது இங்கேதான்.

2017 ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு நிராகரிக்கப்பட்டது. முன்மொழிந்தவர்களில் இருவர் "அது எங்கள் கையெழுத்து இல்லை" என்றதுதான் காரணம். 2024-ல் சூரத்தில் காங்கிரஸ் வேட்பாளரின் மனுவும் இதே வழியில் போனது. கடைசியில் அந்தத் தொகுதியில் வாக்குப்பதிவே நடக்கவில்லை, பா.ஜ.க. வேட்பாளர் போட்டியின்றி வென்றார்.

எனவே இப்படிச் செய்யுங்கள். ஒரு வேட்பாளர் ஒரு தொகுதிக்கு 4 மனுக்கள் வரை தரலாம், டெபாசிட் ஒன்றே போதும். குறைந்தது இரண்டு மனு போடுங்கள். இரண்டாவதில் வேறு பத்துப் பேர் இருக்கட்டும். கையெழுத்து வாங்க யாரையும் அனுப்பாதீர்கள், ஒவ்வொருவர் வீட்டுக்கும் நீங்களே போங்கள். பாகம் எண்ணையும் தொடர் எண்ணையும் பழைய அடையாள அட்டையைப் பார்த்து நிரப்பாமல், கடைசியாக வெளியான பட்டியலையும் துணைப் பட்டியலையும் பார்த்து நிரப்புங்கள். எண்ணில் சிறு எழுத்துப் பிழை இருந்தால் அதற்காக மட்டும் நிராகரிக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் பத்தில் ஒருவர் பக்கத்துத் தொகுதிக்காரராக இருந்தால் ஒன்பதுதான் மிஞ்சும், மனு போச்சு. கைநாட்டு வைப்பவரானால், தேர்தல் நடத்தும் அலுவலர் அல்லது அதற்கென நியமித்த அதிகாரியின் முன்னிலையில்தான் வைக்க வேண்டும். வீட்டில் வைத்து எடுத்துப் போனால் செல்லாது.

சின்னத்துக்கு மூன்று விருப்பங்களை வரிசையாக எழுதுவீர்கள். முதலில் தாக்கலான மனுவில் உள்ளது மட்டுமே கணக்கு, அந்த மனு பிறகு நிராகரிக்கப்பட்டாலும்கூட.

படிவம் 26: பிரமாணப் பத்திரம்

சொத்து, கடன், ஐந்து ஆண்டு வருமானம், பான் எண், வழக்குகள், கல்வி, சமூக வலைதளக் கணக்குகள் என்று உங்களுக்கும் மனைவி அல்லது கணவருக்கும், உங்களைச் சார்ந்தோருக்கும் தனித்தனிப் பத்திகள் இருக்கும். 25 வயதில் பாதிப் பத்திகளுக்கு எழுத எதுவும் இருக்காது. அங்கேதான் ஆபத்து. எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள், கோடும் போடாதீர்கள். "இல்லை" அல்லது "பொருந்தாது" என்று எழுத்தால் எழுதுங்கள். காலிப் பத்தி வைத்த மனுவை நிராகரிக்கலாம் என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கல்லூரிப் போராட்டத்தில் போட்ட எஃப்.ஐ.ஆர். நிலுவையில் இருந்தால் மறக்காமல் எழுதுங்கள். குற்றவழக்கு இருந்தால் அதை நாளிதழிலும் டிவியிலும் மூன்று முறை விளம்பரமாக வெளியிடவும் வேண்டும்.

ஒவ்வொரு பக்கத்திலும் உங்கள் கையெழுத்தும் நோட்டரி முத்திரையும் இருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் புரட்டிப் பாருங்கள்.

பணம்

டெபாசிட் 25,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 12,500, சாதிச் சான்றிதழுடன். ரொக்கமாகவோ கருவூலச் சலானாகவோ கட்டலாம், காசோலை வாங்க மாட்டார்கள். செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் அது திரும்பும். 11 லட்சம் ஓட்டு பதிவானால் 1,83,000-க்கு மேல் வேண்டும். ஆகவே அதைச் செலவாகவே எழுதி வையுங்கள்.

மனு கொடுப்பதற்குக் குறைந்தது ஒரு நாள் முன்பாவது தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். தமிழ்நாட்டில் மக்களவைக்கு உச்சவரம்பு 95 லட்சம். உங்களால் அதைத் தொட முடியாது; ஆனால் 40,000 செலவு செய்தவருக்கும் கணக்குப் புத்தகம் ஒன்றேதான். ஒருவருக்கு ரொக்கமாக மொத்தம் 10,000-க்கு மேல் தரக்கூடாது. நோட்டீஸில் அச்சகத்தின் பெயரும் வெளியிடுபவர் பெயரும், முகவரியோடு இருக்க வேண்டும். வண்டியில் 50,000-க்கு மேல் ரொக்கம் வைத்திருந்தால் பறக்கும் படை எடுத்துக்கொள்ளும்.

தாக்கல், உறுதிமொழி, பரிசீலனை

காலை 11 மணி முதல் மாலை 3 மணி வரை, அரசு விடுமுறை நாள் தவிர. 2024-ல் தமிழ்நாட்டில் மார்ச் 20 முதல் 27 வரைதான். கடைசி நாளில் போகாதீர்கள். முதல் மூன்று நாளுக்குள் போனால் பிழையைத் திருத்த நேரம் இருக்கும். அறைக்குள் வேட்பாளரோடு சேர்த்து ஐந்து பேருக்குத்தான் அனுமதி.

மனுவை வாங்கிக்கொண்டு சரிபார்ப்புப் பட்டியல் ஒன்று தருவார்கள். அதில் எது "இணைக்கப்படவில்லை" என்று குறித்திருக்கிறது என்பதை அங்கேயே நின்று படியுங்கள். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வெளியே கேமராவுக்குப் பேட்டி கொடுக்கப் போகிறவர்கள்தான் பிறகு தவிக்கிறார்கள். மனு கொடுத்ததுமே, அரசியலமைப்புக்கு விசுவாசமாக இருப்பேன் என்ற வேட்பாளர் உறுதிமொழியையும் எடுத்துவிடுங்கள். பரிசீலனை நாளில் எடுத்தால் செல்லாது.

பரிசீலனைக்கு நீங்கள், தேர்தல் முகவர், ஒரு முன்மொழிபவர், எழுத்து மூலம் நீங்கள் அனுமதித்த இன்னொருவர் என நாலு பேர் போகலாம். அந்த இன்னொருவர் வக்கீலாக இருக்கட்டும். ஆட்சேபம் வந்தால் பதில் சொல்ல அவகாசம் வேண்டும் என்று உடனே எழுதிக் கொடுங்கள். நிராகரித்த பிறகு இடையில் நீதிமன்றம் தலையிடாது. தேர்தல் முடிந்து, முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடுவது ஒன்றே வழி.

சின்னம் கிடைத்த பிறகு

வாபஸ் நாள் மாலை 3 மணிக்குப் பிறகுதான் சின்னம் ஒதுக்குவார்கள். ஒரே சின்னத்தைப் பல சுயேச்சைகள் கேட்டால் குலுக்கல். 2024-ல் வாபஸ் நாள் மார்ச் 30. பிரசாரம் ஏப்ரல் 17 மாலையோடு முடிந்தது. 18 நாள். அதனால் சின்னம் இல்லாத நோட்டீஸை முன்கூட்டி அடிக்காதீர்கள். இயந்திரத்தில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலில், பதிவான கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில், அந்தந்தப் பிரிவுக்குள் தமிழ் அகர வரிசையில் வரும். ராமநாதபுரத்தில் 2024-ல் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் நின்றபோது, அதே பெயரில் வேறு பலரும் நின்றார்கள். வாக்காளரிடம் பெயரைவிட அதிகமாக, எத்தனையாவது வரிசை, என்ன சின்னம், எந்தப் படம் என்பதைச் சொல்லுங்கள்.

பூத் ஏஜென்ட்

290 பூத்திலும் ஆள் போட முடியாவிட்டால், உங்களுக்கு ஓட்டு விழும் 60 பூத்திலாவது போடுங்கள். ஏஜென்டை நியமிக்கும் படிவம் 10-ல் உங்கள் அல்லது தேர்தல் முகவரின் கையெழுத்து வேண்டும். 2024-ல் வாக்குப்பதிவு காலை 7 மணிக்கு, மாதிரி வாக்குப்பதிவு 5.30-க்கு. ஏஜென்ட் அதற்கே வந்துவிட வேண்டும். குறைந்தது 50 ஓட்டுப் போட்டுக் காட்டுவார்கள், பிறகு அதை அழித்துவிட்டுத்தான் சீல் வைக்க வேண்டும். சீல் எண்களை அவர் குறித்துக்கொள்ளட்டும். மாலையில் பதிவான மொத்த ஓட்டு எழுதிய படிவம் 17சி நகலை வாங்காமல் எழுந்து வரக்கூடாது. வாக்கு எண்ணும் மேஜையில் அந்த பூத்தின் இயந்திரம் வரும்போது, மொத்தம் பொருந்துகிறதா என்று பார்க்க உங்கள் கையில் இருக்கும் ஒரே காகிதம் அதுதான்.

முடிவு வந்த பின்

தோற்றாலும், 30 நாளுக்குள் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். தராவிட்டால் 3 ஆண்டு வரை தேர்தலில் நிற்கத் தடை விதிக்கலாம். அடுத்து வரும் உள்ளாட்சி, சட்டமன்றத் தேர்தல்களில் நிற்க நினைப்பவர் இந்த ரசீதைத் தொலைக்கக் கூடாது.