ஜேர்மனியில் கீமோவுக்கு முன் கருமுட்டை, விந்தணுச் சேமிப்பு: காப்புறுதியில் கோட்டை விடும் இடங்கள்

ஜேர்மன் மருத்துவமனைகளில் தமிழ்க் குடும்பங்களுக்கு மொழிபெயர்த்து வருகிறேன். கீமோ என்னும் புற்றுநோய் மருந்துச் சிகிச்சை கருவளத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால், அதற்கு முன் கருமுட்டையையோ விந்தணுவையோ உறையவைத்துச் சேமிக்கும் செலவைப் பொது மருத்துவக் காப்புறுதி ஏற்கிறது என்பது இப்போது பலருக்குத் தெரியும். தெரிந்தும், பழைய குழிகளிலேயே புதியவர்கள் விழுகிறார்கள். காப்புறுதி அட்டையை மறப்பது போன்ற சில்லறைத் தவறுகளை இங்கே எழுதப்போவதில்லை.

சொந்தச் செலவுப் பத்திரத்தில் கையெழுத்திடுவது

எனக்கு இன்றும் ஆத்திரமூட்டுவது இதுதான். மார்பகப் புற்றுநோய் கண்ட ஓர் இளம்பெண். கீமோவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. கருத்தரிப்பு நிலையம் நீட்டிய தாள்களில் அவசர அவசரமாகக் கையெழுத்திட்டுவிட்டார். அவற்றில் ஒன்று, சிகிச்சையைச் சொந்தச் செலவில் பெறுவதாக ஒப்புக்கொள்ளும் பத்திரம். பிறகு சில ஆயிரம் யூரோவுக்குக் கணக்கு வந்தது. காப்புறுதிக்கு அனுப்பினார்; மறுத்துவிட்டார்கள். நோயும் பொருந்தியது, வயதும் பொருந்தியது. உரிமை இருந்தும் வழி பிசகிவிட்டது.

இங்குள்ள பொதுக் காப்புறுதி, பற்றுச்சீட்டைப் பார்த்துப் பணம் திருப்பித் தருவதற்காக அமைந்ததல்ல. அது சிகிச்சையையே தருகிறது; கணக்கைக் காப்புறுதியுடன் தீர்ப்பது நிலையத்தின் வேலை. நாமாகக் கட்டியதைத் திரும்பப் பெற, சமூகச் சட்டத் தொகுப்பின் ஐந்தாம் நூல், 13ஆம் பிரிவு குறுகிய இடத்தையே விட்டிருக்கிறது. அவசரமான சிகிச்சையைக் காப்புறுதியால் உரிய நேரத்தில் வழங்க முடியாமல் போயிருக்க வேண்டும், அல்லது அது தவறாக மறுத்திருக்க வேண்டும். கேட்காமலே கட்டியவர் எந்த மறுப்பைக் காட்டுவார்?

உறவினர் ஆலோசனையும் இதற்குக் காரணம். இந்தச் சேமிப்பைக் காப்புறுதி ஏற்க வேண்டும் என்ற சட்டம் 2019 மே மாதமே வந்துவிட்டது. ஆனால் விதிமுறைகள் நடைமுறைக்கு வந்தது 2021 பெப்ரவரியில். மருத்துவர்கள் காப்புறுதியிடம் கணக்கிடத் தொடங்கியது அவ்வாண்டு ஜூலையில். அதற்கு முன் சேமித்தவர்கள் கையிலிருந்து கட்டினார்கள். "நாங்களும் கட்டித்தானே செய்தோம்" என்று அவர்கள் சொல்வது அந்தக் காலத்துக்கு உண்மை. இன்று அதை நம்பிக் கையெழுத்திடாதீர்கள்.

புற்றுநோய் மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். நிலையத்தில் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "இதைப் பொதுக் காப்புறுதியில் கணக்கிடுகிறீர்களா?" இல்லையென்றால் வேறு நிலையம். முட்டைகளைத் தூண்டி எடுக்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும் என்பதால், நோய் உறுதியானதுமே இந்தக் கேள்வியைத் தொடங்குங்கள்.

கருவுறவைத்துச் சேமிப்பது

மணமானவர்கள் பலர் முட்டையைக் கருவுறவைத்தே உறையவைக்க விரும்புகிறார்கள். காப்புறுதி விதி அந்தச் சேமிப்பை ஏற்பதில்லை. கருவுறாத முட்டையை ஏற்கிறது. நாளை உறவு முறிந்தாலும் அந்த முட்டை பெண்ணுடையதாகவே இருக்கும், அதையும் யோசியுங்கள்.

திருமணமாகவில்லை என்று ஒதுங்குவது

சேமிப்புக்குத் திருமணம் நிபந்தனையே அல்ல. "கலியாணமாகாத பிள்ளையிடம் இதைச் சொல்லாதீர்கள்" என்று ஒரு தாய் என்னைத் தடுத்தார். மருத்துவர் சொன்னதை முழுவதுமாக மகளுக்கு மொழிபெயர்த்தேன். அவருடைய உடல், அவர் அறிய வேண்டிய செய்தி.

புற்றுநோய்க்கு மட்டும்தான் என்று நினைப்பது

இல்லை. உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோய்க்கு, கருவளத்தைப் பாதிக்கக்கூடிய சைக்ளோபொஸ்பமைட் மருந்தை ஏற்றும் முன்பும் கேளுங்கள்.

கீமோ தொடங்கிய பின் கேட்பது

பெரும்பாலும் பிந்திவிடும்.

பிற்காலச் செலவும் முழுதாகக் கிடைக்கும் என்று நம்புவது

சேமிப்பு வேறு, பின்னாளில் செயற்கைக் கருத்தரிப்பு வேறு. செயற்கைக் கருத்தரிப்புக்குக் காப்புறுதி பணம் தர, திருமணமாகியிருக்க வேண்டும். மனைவிக்கு 25 வயது நிறைந்திருக்க வேண்டும், 40 ஆகியிருக்கக் கூடாது. கணவருக்கு 50 ஆகியிருக்கக் கூடாது. பொதுவாக மூன்று முயற்சிகளுக்கு, பாதிச் செலவை மட்டுமே தருவார்கள். சில காப்புறுதி நிறுவனங்கள் தாமாகவே கூடுதலாகத் தருகின்றன. குழந்தைக்குத் தயாராகும்போது உங்கள் நிறுவனம் எவ்வளவு தரும் என்று எழுத்தில் கேளுங்கள். குறைவென்றால் கூடுதலாகத் தரும் நிறுவனத்துக்கு மாறிய பிறகே முயற்சியைத் தொடங்குங்கள்.