ஏர்கோன் சர்வீஸ் செய்யப் போகிறீர்களா? கேஸ் பேச்சு கடைசியில்தான்

பினாங்கில் தைப்பூசம் முடிந்த கையோடு வெயில் ஏறத் தொடங்கிவிடும். தண்ணீர்மலை படியேறி இறங்கியவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. பகல் உச்ச வெப்பம் மூன்று நாள் தொடர்ந்து 35 முதல் 37 டிகிரி வரை இருந்தால் மலேசிய வானிலை ஆய்வுத் துறை முதல் நிலை எச்சரிக்கை விடும். அந்த வாரத்தில் ஏர்கோன்காரரைக் கூப்பிட்டால் எளிதில் கிடைக்க மாட்டார். சீனப் புத்தாண்டும் அதை ஒட்டியே வருவதால் பல கடைகளில் அதற்கு முன் வேலை குவிந்திருக்கும், அப்புறம் சில நாள் கடையே திறக்காது. அதனால் தீபாவளி முடிந்து டிசம்பருக்குள் சர்வீஸ் செய்துவிடுவது என் வழக்கம். பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது சேர்த்துச் செய்தாலும் சரி.

1. ஆள் கூப்பிடும் முன் நீங்களே பாருங்கள்

சுவரில் இருக்கும் ஏர்கோன் சுவிட்சை அடைத்துவிட்டு, உள்பெட்டியின் முன்மூடியை மேலே தூக்குங்கள். வலை போன்ற இரண்டு ஃபில்டர்கள் இருக்கும். மெதுவாக இழுத்தால் வந்துவிடும். குழாய்த் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, ஈரம் போனபின் மாட்டுங்கள். சுடுதண்ணீர் வேண்டாம், வலை நெளிந்துவிடும்.

நம் வீடுகளில் இந்த ஃபில்டர் சீக்கிரமே கறுத்துப் பிசுபிசுவென்று ஆகிவிடுகிறது. வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையும், முறுக்கு சுடும் எண்ணெய்ப் புகையும் அதில்தான் போய் ஒட்டுகின்றன. சாம்பிராணி போடும்போது ஏர்கோனை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஃபில்டரைக் கழுவினால் பாதித் தொல்லை குறையும்.

ஃபில்டரை எடுத்த நேரத்திலேயே கைப்பேசி டார்ச்சை அடித்துப் பாருங்கள். பின்னால் வெள்ளித் தகடுகள் மெல்லியதாக அடுக்கியிருக்கும், அதுதான் காயில். காற்று வெளியே வரும் வாய்க்குள் பார்த்தால் உருளையாக ஒரு விசிறி தெரியும். அதன் இதழ்களில் கறுப்புப் புள்ளிகள் அப்பியிருந்தால் அது பூஞ்சை. ஃபில்டர் கழுவி அது போகாது, சாதாரண சர்வீஸிலும் முழுதாகப் போகாது.

2. ஒரு தெர்மாமீட்டர் வைத்து அளந்துவிடுங்கள்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் எனக்கு மிகவும் உதவியது இதுதான். ரிமோட்டில் 16 டிகிரி, விசிறி வேகம் அதிகம் என்று வைத்து 15 நிமிடம் ஓடவிடுங்கள். பெட்டியின் மேல்பக்கம் காற்று உள்ளே போகும் இடத்தில் ஒரு முறை, வெளியே வரும் வாயில் ஒரு முறை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் 8 முதல் 12 டிகிரி வரை வித்தியாசம் இருந்தால் நன்றாகக் குளிர்கிறது என்று அர்த்தம். குறைவாக இருந்தாலும் பதற வேண்டாம், எண்ணை மட்டும் எழுதி வையுங்கள்.

3. வாட்ஸ்அப்பில் என்ன கேட்பது

ஏர்கோனின் சக்தி எத்தனை எச்பி (குதிரைத்திறன்), எத்தனை பெட்டி, எத்தனையாவது மாடி, வெளிப்பெட்டி எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தது, தண்ணீர் ஒழுகுகிறதா. இவற்றோடு வெளிப்பெட்டியில் ஒட்டியிருக்கும் லேபிளையும் படம் எடுத்து அனுப்புங்கள். சாதாரண சர்வீஸா, சுவரில் வைத்தே ரசாயனம் அடித்துக் கழுவும் கெமிக்கல் வாஷா, கழற்றி இறக்கிக் கழுவுவதா என்று பிரித்து விலை கேளுங்கள். வெளிப்பெட்டியும் அதில் சேர்த்தியா என்று கட்டாயம் கேட்க வேண்டும்.

4. கேஸ்

இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள். ஏர்கோன் கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வதில்லை. மூடிய செம்புக் குழாய்க்குள் அதே கேஸ்தான் வருடக்கணக்கில் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது.

ஜெலுத்தோங்கில் அப்பா படுக்கும் அறையில் எட்டு மாதத்துக்குள் இரண்டு முறை கேஸ் ஏற்றினோம். இரண்டு முறையும் நாலைந்து வாரம் குளிர்ந்தது, அப்புறம் பழைய கதை. எழுபது வயதுக்கு மேற்பட்டவர் ராத்திரி முழுக்கத் துண்டால் விசிறிக்கொண்டு கிடந்ததை இப்போது நினைத்தாலும் மனசு வலிக்கிறது. மூன்றாவதாக வந்தவர் வெளிப்பெட்டிக்குக் குழாய் போய்ச் சேரும் திருகாணியில் சோப்பு நுரையைத் தடவினார். குமிழி குமிழியாக வந்தது. குழாய் முனையை வெட்டிச் சரிசெய்து, உள்ளிருந்த காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, லேபிளில் போட்டிருந்த எடையளவு கேஸ் ஏற்றினார். அதோடு சரியாகிவிட்டது.

காயிலில் அழுக்கு அடைத்தாலும் குளிர் குறையும், குழாயில் பனிக்கட்டி கூடப் பிடிக்கும். கேஸ் குறைந்தாலும் அதே அறிகுறிதான். ஆகவே முதலில் கழுவச் சொல்லுங்கள், கேஸ் அழுத்தத்தை அதற்குப் பிறகு அளக்கட்டும். கேஸ் குறைவு என்றால் "எங்கே கசியுது?" என்று கேளுங்கள். லேபிளில் கேஸ் வகை ஆர்32 என்றிருந்தால் ஆர்32 மட்டும்தான் ஏற்ற வேண்டும், ஆர்410ஏ, ஆர்22 எதையும் கலக்கக் கூடாது. ஆர்32 லேசாகத் தீப்பற்றக்கூடியது. வேலை நடக்கும்போது பக்கத்தில் சிகரெட்டோ விளக்கோ வேண்டாம்.

5. சர்வீஸ் நாளன்று

கட்டிலை நகர்த்தி, மெத்தையை மூடி வையுங்கள். உள்பெட்டிக்குக் கீழே பெரிய பை ஒன்றைக் கட்டித்தான் கழுவுவார்கள். முதலில் கறுப்பாக வரும் தண்ணீர் தெளியும்வரை அடிக்க வேண்டும். தண்ணீர் வடியும் குழாயையும் ஊதிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அதில் வழவழவென்று பாசி அடைத்தால் சுவரில் தண்ணீர் வழியும். தஞ்சோங் தோக்கோங், பத்து ஃபெரிங்கி பக்கம் கடலோரத்தில் இருப்பவர்கள் வெளிப்பெட்டியை இன்னும் அடிக்கடி நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். உப்புக்காற்று தகடுகளை அரித்துவிடும்.

தயவுசெய்து வெளிப்பெட்டியை எட்டிப் பிடிக்க நீங்களே மாடி விளிம்பில் இறங்காதீர்கள். அதைத் திறக்கவும் வேண்டாம். சுவிட்சை அடைத்த பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

6. அவர் கிளம்பும் முன்

மறுபடி 16 டிகிரி, 15 நிமிடம், அதே இரண்டு இடங்கள். பழைய எண்ணோடு ஒப்பிட்டு அவரிடமே காட்டுங்கள். வெளியே வடிகுழாயில் தண்ணீர் சொட்டுகிறதா என்று பாருங்கள். எல்லாம் சரி என்றால் ரிமோட்டை 24க்குக் கொண்டுவந்துவிட்டு, தேதியையும் அந்த எண்ணையும் ஒரு டேப்பில் எழுதி முன்மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். தினமும் ராத்திரி ஓடும் அறைக்கு நான் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆள் கூப்பிடுகிறேன். எப்போதாவது விருந்தாளி படுக்கும் அறைக்கு வருடத்துக்கு ஒன்று போதும்.