அற்கீன்களின் கூட்டல் தாக்கங்கள்: விடைத்தாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் கற்பிக்கும் நான், அற்கீன் (காபன்-காபன் இரட்டைப் பிணைப்புள்ள ஐதரோகாபன்) அலகு முடிந்ததும் ஒரே வினாவைக் கொடுப்பது வழக்கம்: புரொப்பீன் ஐதரசன் புரோமைட்டுடன் தாக்கமுறும் பொறிமுறையை, அதாவது தாக்கம் படிப்படியாக நிகழும் விதத்தை, எழுதுக. விளைபொருள் 2-புரோமோபுரொப்பேன் என்பதைப் பெரும்பாலானோர் சரியாகவே எழுதுகின்றனர். புள்ளிகள் பறிபோவது பொறிமுறையில்தான்.

சென்ற தவணை ஒரு மாணவியின் தாளில், ஐதரசனில் தொடங்கி இரட்டைப் பிணைப்பில் முடியும் அம்புக்குறி ஒன்று மிக நேர்த்தியாக வரையப்பட்டிருந்தது. ஐதரசன் அங்கே போய்ச் சேர்கிறது என்பதைக் காட்ட அவர் எண்ணியிருக்கிறார். ஆனால் வளைந்த அம்புக்குறி குறிப்பது அணுவின் நகர்வை அன்று, இலத்திரன் சோடியின் நகர்வையே. இலத்திரன் செறிவு இரட்டைப் பிணைப்பின் ஒரு பகுதியான பை பிணைப்பில் இருப்பதால், அம்புக்குறி இரட்டைப் பிணைப்பின் நடுவில் தொடங்கி ஐதரசனில் முடிய வேண்டும். இரண்டாவது அம்புக்குறி ஐதரசன்-புரோமீன் பிணைப்பில் தொடங்கிப் புரோமீனில் முடிய வேண்டும். இந்த இரண்டாவதை மறப்பவர்கள், தம்மை அறியாமலே ஐதரசனுக்கு இரண்டு பிணைப்புகளைக் கொடுத்துவிடுகின்றனர்.

அடுத்த தவறு, மார்க்கோனிக்கோவ் 1870 இல் வெளியிட்ட விதியை, 'ஐதரசன் கூடிய காபனுக்கே ஐதரசன்' என்ற மனப்பாடமாக மட்டும் வைத்திருப்பது. அயடீன் மொனோகுளோரைட்டைக் கொடுத்தால் அந்த மனப்பாடம் கைவிட்டுவிடும், ஏனெனில் அதில் ஐதரசனே இல்லை. எனவே உருவாகக்கூடிய காபோகற்றயன்கள் (காபனில் நேரேற்றம் உள்ள அயன்கள்) இரண்டையும் முதலில் எழுதி, முதலானதை (நேரேற்றக் காபனுடன் ஓர் அற்கைல் கூட்டம் இணைந்ததை) விட வழியானது (இரண்டு இணைந்தது) உறுதி கூடியது என்பதை அற்கைல் கூட்டங்களின் இலத்திரன் தள்ளுகையால் விளக்குவதே என் மாணவர்களிடம் நான் விடாமல் வலியுறுத்துவது. நேரேற்றத்தை நடுக் காபன் தாங்கும் என்பதை உணர்ந்தவர், மின்னெதிர்த்தன்மை குறைந்த அயடீன் முனைக் காபனுக்கும் குளோரின் நடுக் காபனுக்கும் செல்வதைத் தாமே கண்டறிவார்.

பரவொட்சைட்டு என்ற சொல்லைக் கண்டவுடன் விளைபொருளைத் தலைகீழாக்குவோரும் உளர். பரவொட்சைட்டு இருக்கையில் கூட்டல் மார்க்கோனிக்கோவ் விதிக்கு எதிராக நிகழும் இவ்விளைவு, கராஷும் மேயோவும் 1933 இல் விளக்கியது; ஐதரசன் புரோமைட்டுக்கே பொருந்தும். ஐதரசன் குளோரைட்டின் பிணைப்பு மிக வலிமையானதாகையால் சுயாதீன மூலிகத்தால் (சோடியற்ற இலத்திரன் கொண்ட துணிக்கையால்) எளிதில் உடைபடாது. ஐதரசன் அயடைட்டிலோ, அயடீன் மூலிகம் இரட்டைப் பிணைப்புடன் சேரும் படிமுறை அகவெப்பத்துக்குரியது (வெப்பத்தை உறிஞ்சுவது), ஆகவே எளிதில் நிகழாது.

புரோமீன் நீரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எதீனை அதனுள் செலுத்தினால் 1,2-இருபுரோமோஎதேன் மட்டுமே கிடைக்கும் என எழுதுவது தவறு. இடையில் தோன்றும் புரோமோனியம் அயனை (நேரேற்றமுள்ள புரோமீன் இரு காபன்களுடனும் வளையமாக இணைந்த அயனை), ஏராளமாகச் சூழ்ந்திருக்கும் நீர் மூலக்கூறுகள் தாக்குவதால் 2-புரோமோஎதனோலே பிரதான விளைபொருளாகும். அதே நீரில் கறியுப்பைக் கரைத்திருந்தால் 1-புரோமோ-2-குளோரோஎதேனும் உண்டாகிறது. உப்பிலிருந்து வந்த குளோரைட்டு விளைபொருளில் இடம்பெறுவதே, இரு புரோமீன் அணுக்களும் ஒரே வேளையில் இணைவதில்லை என்பதற்கு நல்ல சான்று.